இந்தப் பக்கம் மேல்

ரவிக்கையின் கையைத் தளர்த்த
இன்னும் ஒரு மணி நேரம் என்றார் ரோலா தையல்காரர்.
வெள்ளிக்கிழமை, நாலேகால்.
ஷார்ஜா வெயிலுக்கு இன்னும் அலுவல் முடியவில்லை.
கட்டணம் இல்லை என்று எழுதிய கண்ணாடிக் கதவு
தானாகத் திறந்தது. நுழைந்துவிட்டேன்.

உள்ளே குளிர். என் செருப்புச் சத்தம்
எனக்கு முன்னால் போய்
ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தது.
கழுத்தைத் திருப்பாத குதிரைகள்.
கிணற்றடியில் நீல முகமூடிப் பெண்கள்.
ஒரு முழுச் சுவருக்கு வெறும் மணல்;
அதன் முன் நின்று ஒரு தம்பதி
வீட்டுக்கடன் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நானும் நியாயமாக, படத்துக்குப் பத்து நொடி
என்று கொடுத்துக்கொண்டே நடந்தேன்.

மாடியில், கடைசி அறையில், துறைமுகம்.
காலை, மரக்கலங்கள். துணியில் எண்ணெய் வண்ணம்.
ஓவியரின் குடும்பத்தார் இரவலாகத் தந்தது.
கலங்கள் மூன்று. கடல் கொஞ்சம்.
சுமக்கிறவர்களுக்கு முகம் இல்லை,
ஆளுக்கு இரண்டே தீற்றல்:
பழுப்பில் ஒன்று, நிழலுக்கு ஒன்று.
அவசரமாகப் போட்டிருக்கிறார்.
அவசரப்படாதது ஒரே இடத்தில்தான்.
இடது மூலையில் ஒரு பலகைப் பெட்டி,
அதன் மேல் பூவேலை போலச் சில சுழிகள்.

எனக்குச் சரக்கு அலுவலகத்தில் வேலை.
நாள் முழுக்கப் பெட்டிகளின் முதுகைப் படிப்பவள்.
கழுத்தைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.
இடுப்பை வளைத்து, துப்பட்டா தரையைக் கூட்ட,
தலைகீழாகப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் மேல்.

சிரித்துவிட்டேன், சத்தமாக.
அதற்கென்று அங்கே அறை எதுவும் இல்லை.

"மேடம், கோட்டுக்குப் பின்னால்."
நகாட்டோ என்று பெயர் குத்திய செக்யூரிட்டிப் பெண்,
"உடம்புக்கு ஏதாவது..?"
இது எழுத்து என்றேன். என் மொழி.
இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்கிறது.
பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.
அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"பதினாலு மாதமாக இதற்கு எதிரே நிற்கிறேன்.
எறும்பு என்று நினைத்தேன்."

பிறகு இருவருமாகப் பார்த்தோம், கோட்டுக்குப் பின்னால்.
ஓவியருக்குத் தமிழ் தெரிந்திருக்காது.
ஆனால் பெட்டி கவிழ்ந்ததில்
'இ' வலது ஓரத்துக்கு வந்துவிட்டது.
வலமிருந்து எழுதிப் பழகிய கை
சரியாக அங்கேதான் தொடங்கியிருக்கிறது:
தூரிகை முதலில் தொட்ட இடத்தில் வண்ணம் தடித்து,
'ல்'லுக்கு வருவதற்குள் காய்ந்து மெலிந்து.
ஒற்றுகள் ஐந்து. எண்ணினேன். ஐந்தும் இருக்கின்றன.
நானே அவசரத்தில் இரண்டை விட்டுவிடுவேன்.
புள்ளிதான் வட்டமாக இல்லை,
நாணல் பேனா வைத்த மாதிரி சாய்சதுரம்.

"உள்ளே என்ன இருந்திருக்கும்?"
தெரியாது. பட்டியல் இணைக்கப்படவில்லை.
ஊறுகாய் ஜாடி என்றால்
அந்தத் தரையின் பழுப்பில் பாதி எண்ணெய் அதனுடையது.
விளக்குக் கண்ணாடி என்றால், போச்சு.
கவிழ்த்தவனுக்குப் படிக்கத் தெரியாதா,
படித்த பிறகும் கவிழ்த்தானா?
நாற்பதாவது பெட்டியில்
முதுகுக்கு எந்தப் பக்கமும் மேல்தான்.
அந்த இரண்டு தீற்றல் ஆட்களில்
யார் என்று தேடினேன்.
ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான், கையில் சுமை இல்லாமல்.
அவனாக இருக்கலாம்.
இல்லை, அது வெறும் கம்பமாகவும் இருக்கலாம்.

கைபேசி அதிர்ந்தது. தையல்காரர்.
வருகிறேன் என்று கிசுகிசுத்தேன்.

நகாட்டோ சட்டைப்பையிலிருந்து
தன் பணிக்குறிப்பு நோட்டை எடுத்து நீட்டினாள்.
அன்றைய பக்கத்தில் 'அசம்பாவிதம் இல்லை' என்பதற்குக் கீழே
நேராக, நிதானமாக, ஐந்து ஒற்றோடும்
எழுதிக் கொடுத்தேன்.

அவள் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி
படத்தோடு சரிபார்த்தாள்,
ஒவ்வொரு எறும்பாக.