ஏழு மீற்றர் நாற்பது

அண்ணா அனுப்பிய படத்தில் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.
நீளம் ஏழு மீற்றர் நாற்பது, அகலம் இரண்டு முப்பது.
ஆறு பேர் படுக்கலாமாம்.
எந்த உயரத்து ஆறு பேர் என்று எழுதவில்லை.

கேதீஸ் கயிறு எடுத்து வந்தார்.
வட்டக்கச்சியில், எங்கள் முற்றத்தில்,
மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில்
நாலு மூலைக்கும் நாலு பூவரசங் கதியால் அடித்து
நோர்வேயில் ஓடப்போகும் வாகனத்தைக் கட்டி முடித்தோம்.
ஆரபி சாம்பலால் படுக்கைகள் கீறினாள்.
அடுப்புக்கு ஒரு சீமெந்துக் கல்,
ரொய்லெற்றுக்குக் கவிழ்த்த வாளி.
நாய் சுவருக்குள்ளால் வந்து
சாரதி இருக்கையில் படுத்துக்கொண்டது.

"கதவாலை வா" என்று
சின்னவன் அதை வெளியே கலைத்துத் திரும்பக் கூப்பிட்டான்.
கதவால் வந்தது.

தண்ணீர்த் தாங்கி நூறு லீற்றர்.
கிணற்று வாளியால் பத்து.
வெள்ளிக்கிழமை முழுக்கில் நான் ஒருத்தியே முடித்துவிடுவேன்.
இந்தக் கிழமை எல்லோரும் நாலு லீற்றரில் பழகுகிறோம்.
பிடரியில் சவர்க்காரத்தோடு பள்ளிக்கூடம் போகிறான் மகன்.

அங்கே வலப்பக்கமாக ஓட வேண்டும்.
அறுவடை முடிந்த வயலில் லாண்ட்மாஸ்டரை இறக்கி
வலம், வலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
கேதீஸ் பழகினார்.
எதிரே ஒரு நாம்பன் வந்தது,
இலங்கைச் சட்டப்படி.
இரண்டு பேரும் நெடுநேரம் நின்றார்கள்.

மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா,
வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத் துணி எட்டு யார்,
ஏனென்றால் ஆடி மாதத்தில் அங்கே இரவு வராதாம்.
கருவாடு வேண்டவே வேண்டாம் என்றார் அண்ணா.
அண்ணி பிறகு தனியாக எடுத்து,
"கொஞ்சமாய்" என்றா.

நேற்று வாகனக் கொம்பனியின் படிவம் வந்தது.
ஆரபி வாசித்துச் சொல்லச் சொல்ல நிரப்பினோம்.
சாரதியின் வயது. விபத்துகள்.
பதினோராவது கேள்வி:
இதற்கு முன் வாகனத்தில் தங்கிய அனுபவம் உண்டா?

கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்
சில்லில்லாமல் கிடக்கிறது அப்பாவின் மெசின் பெட்டி.
நீளம் பத்தடி.
பதினொரு பேர், தையல் மெசின், ஓர் ஆடு,
கழற்றி ஏற்றிய எங்கள் வாசல் கதவு.
கதவை எங்கே பூட்டப் போகிறோம் என்று
அப்பாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.
தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு.
எங்கே நிற்கிறீங்கள் என்று அண்ணா ரெலிபோனில் கேட்பார்,
நாங்கள் ஊரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
வேறு ஊராகிவிடும்.
கேதீஸ் அப்போது எனக்கு யாருமில்லை.
பின்னால் வந்த மெசினின் சாரதி.
எங்கள் ஆட்டுக்கு ஒருநாள் கிளுவங்குழை போட்டவர்.

"ஓம் எண்டு போடு" என்றார்.
ஆரபி போட்டாள். உடனே கீழே இரண்டு பெட்டி திறந்தன:
வாகனத்தின் வகை,
எத்தனை இரவுகள்.

"நாற்பத்தொன்று" என்றார் அவர்.
"ஐம்பத்திரண்டு" என்றேன் நான்.
ஆரபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
விரல் ரெலிபோனுக்கு மேலேயே நின்றது.

"இல்லை எண்டு மாத்து பிள்ளை.
கனக்கக் கேக்கப் போறான்."

பெட்டிகள் இரண்டும் மூடிக்கொண்டன.
பன்னிரண்டாவது கேள்வி, செல்லப்பிராணிகள் உண்டா.

இரவு பாய் விரித்துப் படுத்துப் பார்த்தோம்.
கேதீஸின் கால் இரண்டும் கயிற்றுக்கு வெளியே.
கான்ட் பிரேக் போட்டதா என்று
சின்னவன் இரண்டுதரம் எழும்பிக் கேட்டான்.

வீசா இன்னும் வரவில்லை.
விடிய முற்றம் கூட்டும்போது
சாம்பலில் கோழிக்கால்கள் பதிந்திருக்கின்றன.
ஏழு மீற்றர் நாற்பதை விட்டுவிட்டு
சுற்றிவரக் கூட்டுகிறேன்.
தேத்தண்ணி கொண்டுபோகும்போது
நானும் கதவால்தான் போகிறேன்.