எண்பதுக்கு இருபத்துநான்கு

புதுவயல் அரிசி மில்லில் எடைமேடைமேல்
ஒரத்தநாட்டு லாரி ஒன்று நிற்கிறது.
ராத்திரி ஒன்றே முக்கால்.
எடை மேடைக்குத் தெரியும்.
அதை வாங்கி ரசீதாக்கும் மெஷினுக்குத்தான்
சாயங்காலம் அப்டேட் போட்டதிலிருந்து
நெட்வொர்க் இல்லை.

மெஷின் என்று தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை.
கணக்கறை பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் நாலு பொய்ப்பெட்டி,
அதில் மூன்றாவது.
நான் காரைக்குடி செக்காலை ரோட்டில்,
பூட்டிய செருப்புக்கடைக்கு மேல்மாடியில்.

எல்லா வாசலும் அடைத்தபின்
மிச்சமிருப்பது சீரியல் கன்சோல்.
எழுத்துக்குப் பின் எழுத்தாக
வரப்பில் ஆள் வருவதுபோல் வரும்.
எழுத்து மட்டும்தான் வரும்.
என் திரை எத்தனை அகலம் என்று
அந்த வழியே யாரும் சொல்லி அனுப்புவதில்லை.
சொல்லாததால் அதுவே ஓர் அளவு வைத்திருக்கிறது:
எண்பது எழுத்து, இருபத்துநான்கு வரி.
நான் பிறக்குமுன் எந்த ஊரிலோ
எந்தத் திரைமுன்னோ உட்கார்ந்தவரின் அளவு.
அதற்குத்தான் இன்றும் எனக்குச் சட்டை தைக்கிறது.

இடது மேல்மூலையில் மட்டும் எழுத்து,
மற்றதெல்லாம் இருட்டு.
மூணு கட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து
முகப்பிலேயே சமைத்து
முகப்பிலேயே குளிப்பதுபோல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.
நீளமாக ஒரு கட்டளை தட்டினேன்.
எண்பது தாண்டியதும் வரி கீழே இறங்கவில்லை.
ஆரம்பத்துக்கே திரும்பி வந்து
எழுதியதன் மேலேயே எழுதியது.
பதினொன்று என்றுதான் அடித்ததாக ஞாபகம்,
அந்த இடத்தில் இப்போது
வேறு எதனுடையதோ வால்.
குருட்டுத்தனமாக என்டர் தட்டினேன்.

"வந்துருச்சாக்கா?"
வள்ளிக்கண்ணு போனில். மில்லின் இரவுக் கணக்கு அவள்தான்.
"இல்ல."
"டிரைவர் மேடையிலேயே தூங்கிட்டாரு.
பின்னாடி வேற ஒண்ணு நிக்குது."

போனை அவள் வைக்கவில்லை.
சேவுகன் குரல் கேட்டது,
பின்னால் நின்ற லாரியைக் குடோன் பக்கம் ஒதுக்குகிறார்.
மில்லில் பாதி விளக்கு எரியாது.
"வா… வா… வா…
வாய்யா, கல்லு தட்டும், தட்டுனா நில்லு…
ஹோல்டான்!"

தட்டினால் நில்.

கர்சரிடம் சொன்னேன்:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வரிக்குப் போ,
அதே எண் பத்திக்குப் போ.
அப்படி ஓர் இடம் இல்லையென்று எனக்குத் தெரியும்.
அதற்குத் தெரியாது, ஓடியது.
கடைசி மூலையில் முட்டி நின்றது.
இப்போது கேட்டேன்: எங்கே இருக்கிறாய்?

பதில் வந்த விதம்தான் வேடிக்கை.
நானே தட்டியதுபோல்
என் வரியிலேயே வந்து விழுந்தது:
ஐம்பத்தொன்று, நூற்றெண்பத்தெட்டு.

அந்த இரண்டு எண்ணையும் மெஷினுக்குச் சொன்னேன்.
அவ்வளவுதான்.
திரை முழுக்க எழுத்து விரிந்தது.
விரிந்ததும் என் தப்பும் தெரிந்தது:
பதினொன்றில் ஓர் ஒன்றைக் காணோம்.
இத்தனை நேரமும் இல்லாத வாசலைப் போய்த்
தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு இருபதுக்கு ரசீது அடித்தது.
இருபத்தாறாயிரத்து நானூற்று நாற்பது கிலோ.
வள்ளிக்கண்ணு நன்றி சொல்லவில்லை,
"அண்ணே, எந்திரிங்கண்ணே" என்றாள்
வேறு பக்கம் திரும்பி.

தூக்கம் போய்விட்டது.
உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக
மூலைவரை ஓடித் தொட்டுவிட்டு வா என்று
நாலு வரி எழுதி வைத்தேன்.
அடுத்து வருகிறவர் திரை
எத்தனை பெரிதோ, சிறிதோ.

பிறகு பாட்டு கேட்க
சன்னலைப் பாதியாக ஒடுக்கினேன்.
மெஷின் இன்னும்
நூற்றெண்பத்தெட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தது.
யாரும் சொல்லவில்லையே.
நானும் சொல்லவில்லை.