கூடுதல் ஒன்று

ஆர்.கே.புரம், மூன்றாம் மாடி, மே மாதம்.
அலுவலகம் துவாரகைக்கு மாறுகிறது.
முப்பது ஆண்டு கடந்த கோப்புகளைக் கிழிக்கலாம்,
தணிக்கை மறுப்பு நிலுவையில் இருப்பவை தவிர.

அப்படித்தான் என் மேசைக்கு வந்தார்கள் ஐவரும்.

கோஷால், மண்ணியல்.
அவர் உதவியாளர் சாவ்லா.
அளவர் சூசைமாணிக்கம், சாத்தான்குளத்துக்காரர்,
கருவி எண் 417 அவர் பொறுப்பில்.
சமையலுக்குக் கர்க்க பகதூர்.
ஒட்டகங்களோடு மெஹர்தீன்,
முகவரி: ஜெய்சல்மேருக்கு அப்பால்.

மணலுக்கடியில் பழைய நதி ஒன்று கிடப்பதாக
யாரோ கணக்குப் போட, தேடிப் போனார்கள்,
அறுபத்தெட்டு பிப்ரவரி,
வெயில்கூட ஏறாத மாதம்.

பதினெட்டாம் நாள் தேடிப் போனவர்கள் கண்டது:
கூடாரம், கயிறு தளராமல்.
ஜீப், பெட்ரோல் பாதி.
தோல்பை நிறையத் தண்ணீர்.
முள்மரத்தில் மேய்ந்துகொண்டு மூன்று ஒட்டகங்கள்.
மணல் போட்டுத் தேய்த்து
விரிப்பில் கவிழ்த்த தம்ளர்கள்.
ஆள் இல்லை.
காலடித் தடம் உண்டா என்ற கேள்விக்கு
"காற்று" என்று ஒரே சொல்லில் பதில்.

இதெதுவும் மறுப்பில்லை.
ஆள் குறைந்தால் துறைக்கு வழி தெரியும்.
ஏழு ஆண்டு பொறுத்து இறந்தோர் எனக் கொண்டார்கள்,
பென்ஷன் போட்டார்கள்.
417ஐத் தேய்மானத்தில் தள்ளினார்கள்.

கிடங்கு கொடுத்தது தம்ளர் ஐந்து.
திரும்பி வந்தது ஆறு.

"கூடுதல் ஒன்றுக்கு விளக்கம் தருக."
பச்சை மை.
அதன்கீழ் ஏப்ரல்தோறும் ஒரு கையெழுத்து:
விளக்கம் பெறப்படவில்லை.
விளக்கம் பெறப்படவில்லை.
எண்பத்தொன்றில் மட்டும் ஒருவர்,
வேலை ஓடாத மத்தியானமாக இருந்திருக்கும்,
"யார் நீ?" என்று பென்சிலில் எழுதி
அழித்திருக்கிறார்.

பெட்டி தூக்க வந்த கஜோட்மல், சேகாவாட்டி ஆள்,
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
இதிலென்ன மேடம்,
எங்கள் பக்கம் எப்போதும் ஒன்று அதிகம்தான் வைப்போம்,
வருகிறவனுக்கு.
நிம்மதியாக இருந்தது எனக்கு,
அடுத்த பக்கம் திருப்பும்வரை.
ஆறுக்கும் அடியில் துறை முத்திரை இருக்கிறது.
கிடங்கில் எதுவும் குறையவில்லை.
அவர் தலையைச் சொறிந்துகொண்டு
ஒட்டும் நாடாவைத் தேடப் போனார்.

கோப்பின் முதுகுப் பக்கம், குண்டூசி துருவில்,
நீல இன்லாண்டு கடிதம் ஒன்று.
ஓரத்தில் சிவப்புக் குறிப்பு: மொழிபெயர்ப்புக்கு அனுப்புக.
அனுப்பவில்லை.
லோதி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழ்
இத்தனை நாள் இந்த வேலைக்கு
எதற்கும் உதவியதில்லை.

"கனம் ஐயா அவர்களுக்கு ஞானப்பூ எழுதிக்கொண்டது.
தந்தி கிடைத்தது. கர்த்தர் சித்தம்.
அவுக கடேசியாப் போட்ட கடுதாசியில
நாங்க ஆறு பேரும் சொகம்னு எழுதியிருந்தாக.
தந்தியில அஞ்சு பேருதான் கண்டிருக்கு.
மத்த அந்த ஒருத்தர் வீட்டுக்கும்
சொல்லிட்டீகளா ஐயா?
அவுகளும் பாத்துக்கிட்டு இருப்பாக."

நாலு மணிக்கு ஆந்தி கிளம்பியது.
மேற்கே வானம் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமாகி,
கண்ணாடி மூடியும் எங்கிருந்தோ புகுந்து
மேசை, விசைப்பலகை, என் நாக்கு.
எங்கிருந்து வரும் மணல் என்று
தில்லியில் யாரும் கேட்பதில்லை.
கிழித்தவை ஒரு லாரி, கிழிக்காதவை ஒரு லாரி.
கர்க்க பகதூர் எந்தத் தம்ளரில் குடித்தான்,
கடைசியாகத் தேய்த்தது யார் கை,
இதற்கெல்லாம் பத்தி கிடையாது படிவத்தில்.

கிழிக்காத லாரியில் ஏற்றச் சொன்னேன்.
ஏற்றுமுன் ஒரு தாள் எடுத்து
அம்பத்தைந்து வருடத் தாமதத்துக்கு வருந்துகிறோம்
என்றுவரை தட்டச்சு செய்துவிட்டு
மேலே போய்,
பெறுநர் என்று அடித்தேன்.

மின்சாரம் போயிற்று.
பல்லில் நறநறத்தது.