கொப்பியில் ஐம்பத்து நான்கு

களுவாஞ்சிகுடிச் சந்தியில்
பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிறவன் நான்.
பத்தொன்பது வருடம். இருபத்தாறு சீ.ஆர். கொப்பி.
வந்த நேரம், போன நேரம், பஸ் இலக்கம்,
பிந்தினால் ஏனென்று ஒரு சொல்:
டயர். மழை. மாடு.

கூட்டத்தில் எழும்பிக் கேட்டபோது
நீ ஆர் என்றார் தவிசாளர்.
மேலே சொன்னதுதான் நான்.

திட்ட அறிக்கையின் நாலாம் பக்கத்தில்
நாளொன்றுக்கு முந்நூற்றிருபது பஸ் என்று கிடக்கிறது.
என் கொப்பியில் ஐம்பத்து நான்கு.
கோயில் தீர்த்தத்தன்று எழுபத்தொன்று.
மிச்சத்தை எங்கே நின்று எண்ணினீர்கள் ஐயா?
பின்னுக்கு எடுத்ததையும் இன்னொரு பஸ் என்றா,
கல்முனையில் போனதை
இங்கிருந்தே கண்டா?

சபை சிரித்தது.
கூட்டறிக்கையில் சிரிப்பும் இல்லை, கேள்வியும் இல்லை.

நூற்றி எண்பத்தாறு மில்லியன்.
போனில் கணக்குப் போட்டேன்,
பூச்சியம் பிழைத்து இரண்டு தரம் அழித்தேன்.
சபை எல்லைக்குள் முப்பதாயிரம் பேர் என்று வைத்தால்
ஆளுக்கு ஆறாயிரத்து இருநூறு.
எங்கள் வீட்டில் ஐந்து சீவன்:
முப்பத்தோராயிரம்.

அந்த முப்பத்தோராயிரம் எது என்று
புதுக் கட்டடத்தைச் சுற்றி வந்து தேடினேன்.
கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துப் பெயர்கள்;
ஒரு பெயரின் முதலெழுத்துக்குக் காணுமோ என்னவோ.
மேல்மாடியில் பதினாறு கடை,
பதினாறுக்கும் இழுத்த ஷட்டர்.
நேரம் காட்டும் மின்பலகை
ஆறு மாதமாய், உள்ளே வராத பஸ்களுக்கு
நேரம் காட்டுகிறது.
நானும் அதே தொழில்தான்.
அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாய் இருந்தது.

கடைசியில் மலசலகூடக் கதவைத் தெரிந்தெடுத்தேன்,
பெண்கள் பக்கம்.
நல்ல கதவு. பித்தளைப் பூட்டு. முப்பத்தோராயிரம் பெறும்.
இனி அது எங்கள் வீட்டுக் கதவு.

முஸம்மில் மட்டும் அக்கரைப்பற்று பஸ்ஸை
ஒரு நாள் உள்ளே விட்டுப் பார்த்தான்.
வாசல் வளைவில் பக்கக் கண்ணாடி உரஞ்சி விழுந்தது.
“கார் ஓடுறவன் கீறின வாசல் இது” என்றான்.
மறுகா ஒருத்தரும் திருப்பவில்லை.
சனம் பழையபடி பாமசிக்கு முன்னால்,
மதகுக் கட்டில்,
வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்துகொண்டு.

தகவல் அறியும் உரிமையில் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.
வாசல் அளவு ஆர் எடுத்தது?
முந்நூற்றிருபது ஆர் சொன்னது?
மறுமொழி ஒரு வரி:
கோப்பு திருகோணமலையில்.
திருகோணமலைக்கு விடிய ஐந்து இருபதுக்கு ஒரு பஸ்.
அதுவும் றோட்டில்தான் நிற்கும்.

நேற்று மண்டூரிலிருந்து ஒரு பிள்ளை.
குருமண்வெளியில் பாதையேறி வந்தவள்.
(எங்கள் பக்கம் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை.
அதன் பலகை மாற்ற ஒதுக்கீடு இல்லை என்று
இதே சபையில்தான் சொன்னார்கள்.)
ஏழு மாத வயிறு.
ஸ்கானுக்கென்று குடித்த தண்ணீர்.
“அண்ணே, திறப்பு ஆரிட்ட?”

என் வீட்டுக் கதவுதான் தங்கச்சி.
திறப்பு ஒப்பந்தக்காரரிடம்.
ரிப்பன் வெட்டியாச்சு,
கட்டடம் இன்னும் கையளிக்கவில்லையாம்.
இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்ல.
பாமசிச் சுகிர்தமலர்தான்
கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.
அதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது.
அடுத்தது நாலரைக்கு.

கொப்பியை எடுத்தேன்.
பஸ் இலக்கம் எழுதுகிற இடத்தில் எழுதினேன்:
2.10. மண்டூர். பெண் ஒருவர். திறப்புக் கேட்டவர்.

பிந்தியதற்குக் காரணம் என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
டயர் இல்லை.
மழை இல்லை.
மாடு என்றும் எழுத ஏலாது.
மாடு அந்நேரம்
புது நிலையத்துக்குள்
மாபிளில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.