நாலாவது ஓட்டை

மூன்று போல்ட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன.
நாலாவது ஓட்டைதான்
இரண்டு நூல் தள்ளி நின்றது.

நாரினில் ஏப்ரல் சேறு.
பழைய உவாஸ் ஜீப்புக்கு அடியில்
மல்லாந்து கிடக்கிறான் ஷைலோபெக்.
கண்ணில் துரு உதிர்கிறது.
"சேசிஸ் கோணியிருக்கு."
"எப்போதிலிருந்து?"
ஸ்பானர்தான் கிணுங்குகிறது.

நுரிலாவுக்குத் தெரியும்:
மூன்று பனிக்காலம் முன்பு,
பாலத்துக் கைப்பிடிச் சுவர்.

அரத்தை நீட்டினாள்.
ராவ ராவ
ஓட்டை முட்டையானது;
போல்ட் முனகியபடி இறங்கியது.

தேனீப் பெட்டிகள் ஏற்றிய டிரெய்லர்
மலைப் பூவுக்காக வாசலில்
ரீங்கரிக்கிறது.

எழுந்து திரும்பியவனின் கணுக்கால் எலும்பில்
புதுக் கொக்கியின் இரும்புக் குண்டு,
ணங்.

நொண்டிக்கொண்டே ஸ்டீயரிங்குக்கு வந்தவனிடம்
சாவியைத் தராமல் சொன்னாள்:
"எங்கே இடித்தாய் என்று கேட்டால்
இதையாவது சொல்லிவிடு."