ஏ. ஏ. ஏ.

பீல் நகரத்தில், நாலாம் மாடியில்,
பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மட்டும்
தண்ணீர்க்குழாய்கூடத் தாழ்ந்த குரலில்தான் கதைக்க வேண்டும்.
கீழ்வீட்டு எஷ்லிமன் அம்மா
விளக்குமாற்றுக் காம்பால் முகட்டில் ரெண்டு தட்டுத் தட்டுவா.
மூன்றாவதுக்குக் கடிதம் வரும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விடிய நாலு மணிக்குத் தொடங்கி
நானூறு படுக்கை விரிப்பு மடித்துவிட்டு
சோபாவில் வந்து விழுகிற நேரம் அது.
நித்திரை வராது. மகன் பள்ளிக்கூடத்தில்.
டிவிக்குக் கீழே அந்தச் சாம்பல் பெட்டி.
பழைய சாமான் கடையில் இருபத்தைந்து பிராங்க் எண்ணி
வாங்கிக் கொடுத்தது நான்தானே,
அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று
ஒருநாள் ஆளியைத் தட்டினேன்,
சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு.

முதலில் ஐஸ் ஹாக்கி.
கடுகளவு கறுப்பு ஒன்றைப் பத்துப் பேர் துரத்துகிறார்கள்.
என் கண்ணுக்கு அது அகப்படவில்லை.
கோல் விழுந்ததும்
எந்தப் பக்கம் சந்தோசப்படுவது என்றும் விளங்கவில்லை.
கழற்றினேன்.
அடுத்ததன் வாய்க்குள் ஊதி (அவன் அப்படித்தான் ஊதுவான்)
சண்டைக்காரரைப் போட்டேன்.

எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.
ஏழு பேர் எலும்பும் நரம்பும் துள்ளலும்.
எட்டாவது ஒருத்தி:
என்னைப்போல் இடுப்பு, என்னைவிடக் கனத்த கை, கொண்டை.
நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குகிறாள்.
அவளை ஒருத்தரும் எடுக்கமாட்டினம், லங்சாம் என்று
அபிஷன் தன் சிநேகிதன் ரேத்தோவுக்குச் சொன்னது
அடுப்படிவரை கேட்டிருக்கிறது.
அந்தச் சொல் எனக்கு வேலையிடத்தில் நல்ல பழக்கம்.

முதல் கிழமை முழுக்க விழுந்தாள்.
பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார்கள்,
பூச்சியத்துக்குள் அமத்தினால்
அதே ஆள், அதே அடி, புதிதாய்.

ரெண்டாம் கிழமை பிடிபட்டது.
அவள் மந்தமில்லை. காத்திருக்கிறவள்.
துள்ளுகிறவன் துள்ளி முடிக்கட்டும்.
பிறகு கீழ், முன், கீழ், பெரிய பொத்தான்:
இயந்திரத்திலிருந்து ஈரவிரிப்பை இழுத்து உதறுகிற அதே கணக்கு.
ஆளைத் தலைக்கு மேலே தூக்கி
நாலாய் மடித்துக் கீழே வைப்பாள்.

ஏழு பேரையும் மடித்து முடித்த அன்று
திரை பெயர் கேட்டது. மூன்றெழுத்து.
எழுத்தை எப்படி மாற்றுவதென்று தெரியாமல்
அமத்தினேன், அமத்தினேன், அமத்தினேன்.
ஏ. ஏ. ஏ.
ஆரையோ அதட்டுவதுபோல்
அவனுடைய ஏ. பி. ஐ.க்கு மேலே போய்க் குந்திக்கொண்டது.
உள்ளே ஒரு பற்றரி இருக்குதாம். மறக்காதாம்.
எனக்கு அது தெரியாது.

பின்னேரம் கண்டான்.
ஆர் இந்த ஏஏஏ?
ரேத்தோவில் சந்தேகம். ரேத்தோ தன் நாயின்மேல் சத்தியம் பண்ணினான்.
நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.
இடது பெருவிரலில் பிளாஸ்டர்.
கத்தியோ அம்மா?
ம்.

பிறகொரு சனிக்கிழமை. மழை. ரேத்தோ வரவில்லை.
ரெண்டாவது கன்ட்ரோலர் தரையில் சும்மா கிடந்தது.
எடுத்தேன்.
சிரித்தான். சிரித்தபடியே தன் துள்ளல்காரனைத் தெரிந்தான்.
நான் அவளில் போய் நின்றதும்
அது வேண்டாம் அம்மா, அவள் வந்து...
கீழ், முன், கீழ்.

அப்போதுதான் கேட்டேன்.
அவன் டிவியைப் பதினெட்டில் வைத்திருந்தான்.
தூக்கும்போது அவள் கத்துகிறாள்.
இத்தனை நாளும், இத்தனை பேரையும்,
கத்தித்தான் தூக்கியிருக்கிறாள்.
அடிவயிற்றுக் கத்தல்.
பிரெஞ்சும் இல்லை, ஜெர்மனும் இல்லை, தமிழும் இல்லை.

விழுந்து கிடந்த தன் ஆளை அபிஷன் பார்க்கவில்லை.
என் பெருவிரலைப் பார்த்தான்.
ஏஏஏ, என்றான், மெல்ல.

கீழேயிருந்து ரெண்டு தட்டு.
மணியைப் பார்த்தேன். மூன்றரை.
கட்டட விதிப்படி சத்தம் போடலாம்.
இன்னொரு ரவுண்ட் என்றேன்.
இருபத்திரண்டுக்கு ஏற்றச் சொன்னேன்.