வண்டிப்பாதை நீங்கலாக

கடலூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் என் மேசை.
இருபத்தாறு வருஷம். எத்தனை மனை எழுதினேன் என்று
நான் கணக்கு வைக்கவில்லை,
நடுவிரல் வைத்திருக்கிறது, ஒரு காய்ப்பாக.

அஞ்சலாட்சி வந்தது வியாழக்கிழமை ராகுகாலத்தில்.
அந்நேரம் யாரும் பத்திரம் எழுத வருவதில்லை.
"கூட்டம் இருக்காதுன்னுதான்" என்றாள்.
மஞ்சள் பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து விரிக்க
மடிப்பிலிருந்து மணல் கொட்டியது
என் கார்பன் தாள் மேல்.

நொச்சிக்காடு கிராமம்,
காலஞ்சென்ற மண்ணாங்கட்டி குமாரத்தி,
புஞ்சை இரண்டு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்.
புஞ்சை என்று எழுதியிருக்கிறதே தவிர
மணல்மேடு. அடப்பங்கொடி, ராவணன் மீசை, நாலு தாழை.
அடிவாரத்தில் கையால் பறித்தாலே
முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர்.

"யார் பேருக்கு?"
"யார் பேருக்கும் இல்ல.
யாரும் கட்டக்கூடாதுன்னு எழுதணும். எனக்கப்புறமும்."

கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை.
கிரயமா என்றது, தானமா என்றது, அடமானமா என்றது.
அறக்கட்டளை என்று அழுத்தினேன்.
பயனாளியின் அடையாள எண் கேட்டது.
"பங்குனி ஆமை முட்டை வைக்க வரும்,
அப்ப கைரேகை எடுத்துக்கங்க" என்றாள், சிரிக்காமல்.
கிராமப் பொதுமக்கள் என்று போட்டு வைத்தேன்.

நகல் எழுத உட்கார்ந்தால் கை தானாக ஓடும்.
மாவடை மரவடை, நிதி நிட்சேபம்,
சந்திர சூரியர் உள்ளவரை,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்...
அங்கே நின்றது.
அந்த வரியை ஒருநாளும் நான் அடித்ததில்லை.
ஸ்கேல் வைத்து அடித்தேன்.
ஓரத்தில் அவள் கையெழுத்து, கோணலாக.

நான்கெல்லை.
கிழக்கில் கடல்; அது எங்கே நிற்கும் என்று
எந்தச் சர்வேயரும் குறிக்கவில்லை.
மேற்கில் உப்பனாறு.
தெற்கில் ஊராட்சி சாலை, மேட்டில் வந்து முட்டுவது.
வடக்கில் தம்பி கலியவரதன் பாகம். விற்றாயிற்று.
மஞ்சள் கல், கிழிந்த கொடி,
ஹரிணி பீச் கார்டன்.

பீச் கார்டனில் பதினேழாம் எண் மனைக்கு
என் மகள் பேரில் முன்பணம் கட்டியிருக்கிறேன்.
மேட்டை வெட்டி ரோடு வந்துடும், ரெண்டே மாசம்,
அந்தம்மா கையெழுத்து போட்டுடும் என்றான் புரோக்கர்.

அந்தம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள்
செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு.
"வழி விடணுமா?" என்றேன்,
எழுதுகிறவன் கேட்பதுபோல.
"எதுக்கு வழி?"
"வண்டி போக."
"நடந்து போகட்டும்.
நடக்கிறவங்கள நான் தடுத்ததில்ல."

நடைபாதை உண்டு, வண்டிப்பாதை நீங்கலாக
என்று எழுதினேன்.
நீங்கலாக என்ற சொல்லில் மை தேங்கியது.
ஊதிக் காயவைத்தேன்.

எழுத்துக்கூலி எவ்வளவு என்றாள்.
வழக்கமானதைச் சொன்னேன்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.